கச்சேரியும் கணக்கும்



பாட்டைப் பற்றிப் பேச இந்த ஊரில் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது பாட்டுக்குக் கிடைக்கும் பணத்தைப் பற்றி. புதிதாக ஒரு குழு சேர்த்து, கல்யாண வரவேற்புக்கும் கோயில் கொடைக்கும் கல்லூரி விழாவுக்கும் வாசிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். அந்தத் தொழிலின் முறை என்ன, அதற்கு உண்டான வரியின் முறை என்ன? இதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

பல ஆண்டுகளாக இசைக் குழுக்களின் கணக்கைப் பார்த்து வருகிறவன் நான். குரல் கெட்டுக் கலைந்த குழு அபூர்வம். கணக்கு கெட்டுக் கலைந்த குழுக்கள் எத்தனையோ! ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், ஒரே தட்டில் பரோட்டா சாப்பிட்டவர்கள், மூன்றே வருஷத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போயிருக்கிறார்கள். ஏன்? திருட்டா? துரோகமா? பெரும்பாலும் அப்படி ஒன்றும் இல்லை. யாருக்கு எவ்வளவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவ்வளவுதான். ஆகவே இன்றைக்கு நான் எதைச் சொன்னாலும் கடைசியில் இந்த இரண்டு சொல்லில் வந்துதான் நிற்பேன்: எழுதி வையுங்கள்.

முதலில் குழுவுக்குள்ளே வருவோம். ஆறு பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். இரண்டு பாடகர்கள், கீபோர்டு, கிடார், பேஸ், ரிதம் பேட். மதுரையில் ஒரு கல்யாண வரவேற்பு. பேசிய தொகை 65,000 ரூபாய். வீட்டில் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "ஒரு ராத்திரிக்கு அறுபத்தையாயிரமா!" என்று வாயைப் பிளப்பார்கள். இப்போது கணக்கைப் பாருங்கள். சவுண்ட் சர்வீஸுக்கு 15,000. வேன் வாடகை, டிரைவர் பேட்டா, டோல் எல்லாம் சேர்த்து 7,000. அன்றைக்கு மட்டும் வெளியிலிருந்து வந்த பாடகிக்கு 6,000. வழியில் டீ, டிபன், தண்ணீர் 2,000. ஆக 30,000 போயிற்று. மிச்சம் 35,000. ஆறு பேர் இருக்கிறீர்கள். நான் இதை ஏழாகப் பிரிக்கச் சொல்வேன். தலைக்கு 5,000. ஏழாவது 5,000 யாருக்கு? குழுவுக்கு!

கிடார் தந்தி அறுந்தால், கேபிள் போனால், பேடில் ஒரு சென்சார் செத்தால், ஆடிட்டருக்குக் கட்டணம் தர வேண்டியிருந்தால், உங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து ஒரு மாதம் மேடை ஏற முடியாமல் போனால், அந்த ஏழாவது பங்குதான் கை கொடுக்கும். முதல் கச்சேரியிலிருந்தே அதை ஒதுக்குங்கள். பத்தாவது கச்சேரிக்குப் பிறகு தொடங்கலாம் என்று நினைத்தால், அது தொடங்கவே தொடங்காது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சிநேகிதர்களுக்குள் எதற்குக் கணக்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சிநேகிதம் நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான் கணக்கு. எல்லாருக்கும் சம பங்கா? குழுவை நடத்துகிறவருக்குக் கூடுதலா? ஒன்றரை லட்சம் போட்டுக் கீபோர்டு வாங்கியவருக்கு அதற்கென்று ஏதாவது உண்டா? ஒத்திகைக்கு வராமல் நேரே மேடைக்கு வருகிறவருக்கும் அதே பங்கா? இந்தக் கேள்விகள் இன்றைக்குச் சிரித்துக்கொண்டே பேசக் கூடியவை. பணம் வந்த பிறகு இதே கேள்விகள் கண்ணீரில் முடியும். எழுதி வையுங்கள்.

சரி, சட்டம் உங்களை எப்படிப் பார்க்கிறது? நீங்கள் ஒரு தாளிலும் கையெழுத்துப் போடாமல் இருக்கலாம். ஆனாலும் பலர் சேர்ந்து ஒரு தொழிலைச் செய்து, லாபத்தைப் பங்கு போட்டுக்கொண்டால், 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் உங்களைக் கூட்டாளிகளாகவே கொள்ளக்கூடும். கூட்டாளிகள் என்று ஆகிவிட்டால் என்ன ஆகும்? பங்கு விகிதத்தை நீங்கள் பேசி முடிவு செய்யவில்லை என்றால், லாபம் எல்லாருக்கும் சமம், நஷ்டமும் எல்லாருக்கும் சமம் என்று சட்டமே முடிவு செய்துவிடும். குழுவின் பெயரில் ஒருவர் ஸ்பீக்கர் வாடகைக்கு எடுத்து அது எரிந்து போனால், சவுண்ட் சர்வீஸ்காரர் முழுத் தொகையையும் உங்களில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். "நான் வெறும் பேஸ் வாசிக்கிறவன்" என்று அப்போது சொல்ல முடியாது.

ஆகையால் ஒரு கூட்டாண்மைப் பத்திரம் எழுதுங்கள். முத்திரைத்தாளில் எழுதி, பதிவுத்துறையில் நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள். பதிவு கட்டாயமா என்று கேட்பீர்கள். கட்டாயம் இல்லை. ஆனால் பதிவாகாத கூட்டு நிறுவனம், ஒப்பந்தப்படி வர வேண்டிய பணத்துக்காக வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. விழா நடத்தியவர் 40,000 ரூபாய் பாக்கி வைத்துவிட்டு போனை எடுக்காமல் இருந்தால், உங்களுக்கு நீதிமன்றத்தின் கதவு மூடியிருக்கும். இன்னொன்றும் கவனியுங்கள். உங்கள் குழுவில் பதினேழு வயதுப் பையன் இருக்கிறானா? பதினெட்டு நிறையாதவர் கூட்டாளியாக முடியாது. எல்லாக் கூட்டாளிகளும் சம்மதித்தால் லாபத்தில் பங்கு மட்டும் தரலாம். அவன் பெற்றோரை உட்கார வைத்துப் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

பத்திரத்தில் மறக்காமல் எழுத வேண்டியது குழுவின் பெயர் யாருடையது என்பது. இன்றைக்கு அது ஆறு பேர் சேர்ந்து டீக்கடையில் வைத்த பெயர். நாளைக்கு அதற்கு மதிப்பு வரும். குழு இரண்டாகப் பிரிந்தால் பெயர் எந்தப் பக்கம் போகும்? யூடியூப் சேனலின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும்? வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்ய நினைத்தால், பொழுதுபோக்குச் சேவைகளுக்கு உரியது 41-ஆம் வகுப்பு. இணையத்தில் விண்ணப்பித்தால் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். ஒரு நல்ல மைக் வாங்குகிற செலவு கூட இல்லை. ஆனால் அந்த விண்ணப்பத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் நாளைய வழக்கு. எழுதி வையுங்கள்.

இனி மேடைக்கு வெளியே நிற்கிறவரிடம் போவோம். உங்களைக் கூப்பிடுகிறவர். கல்யாண வீட்டுக்காரர், கோயில் கமிட்டி, ஈவென்ட் மேனேஜர், கம்பெனி எச்.ஆர்., யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். போனில் பேசுகிறீர்கள். "பண்ணிக்கலாம் சார், பார்த்துக்கலாம் சார்" என்று முடிக்கிறீர்கள். அங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

நான் பலமுறை கண்ட காட்சி ஒன்றைச் சொல்கிறேன். இரவு பதினொன்றரை மணி. மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்குகிறார்கள். பையன்கள் கேபிளைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். குழுவை நடத்துகிற தம்பி கல்யாண வீட்டுப் பெரியவரைத் தேடுகிறான். பெண் வீட்டார், "மாப்பிள்ளை வீட்டார்தானே பாட்டுக் கச்சேரி வைத்தார்கள்" என்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார், "மாமா பெட்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார், காலையில் வாங்கிக்கோங்க தம்பி" என்கிறார்கள். வெளியில் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். சவுண்ட் சர்வீஸ்காரர் கையை நீட்டுகிறார். அந்தத் தம்பி தன் சொந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வேனில் ஏறுகிறான். காலையில் யார் வந்து தரப் போகிறார்கள்?

இதற்கு மருந்து உண்டா? உண்டு. ஒரே ஒரு பக்கம். தேதி, இடம், தொடங்கும் நேரம், எத்தனை மணி நேரம், எத்தனை கலைஞர்கள். சவுண்ட் யார் பொறுப்பு, ஜெனரேட்டர் யார் பொறுப்பு. சாப்பாடு, தங்கும் இடம், போக்குவரத்து. அட்வான்ஸ் எவ்வளவு, நிகழ்ச்சி ரத்தானால் அது திரும்புமா திரும்பாதா. மீதித் தொகை எப்போது, யார் கையால். மீதியை மேடை ஏறும் முன்பே வாங்குவது என்று எழுதுங்கள். திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. போலீஸ் அனுமதி வாங்குவது விழா நடத்துகிறவர் பொறுப்பு என்றும், பத்து மணிக்கு நிறுத்தச் சொன்னால் அதற்காகத் தொகை குறையாது என்றும் எழுதுங்கள். ஒரு பக்கம் எழுதி வாட்ஸாப்பில் அனுப்பி, "சம்மதம்" என்று ஒரு பதில் வாங்குங்கள். அதுவே வாய்ப்பேச்சைவிட நூறு மடங்கு மேல்.

இதைக் கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்களோ என்று சில பிள்ளைகள் தயங்குகிறார்கள். பந்தல்காரர் அட்வான்ஸ் கேட்கிறார். சமையல்காரர் கேட்கிறார். பூ அலங்காரக்காரர் கேட்கிறார். அவர்கள் யாரும் தயங்குவதில்லை. நாள் முழுக்கப் பயிற்சி செய்து, நான்கு மணி நேரம் நின்று வாசிக்கிறவர்கள் மட்டும் ஏன் தயங்க வேண்டும்? உழைப்புக்கு விலை சொல்வது உரிமை, தம்பிகளே!

இனி வரிக்கு வருவோம். இங்கே பலருக்குப் பயம். பயப்பட ஒன்றும் இல்லை. தொகைகள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக்கூடியவை. நான் சொல்லும் எண்கள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியது. அதில் பிரிவு எண்கள் வேறு. நான் சொல்லப் போகிற அடிப்படை மாறவில்லை.

உங்கள் குழு ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவில் வாசிக்கிறது. பேசிய தொகை ஒரு லட்சம். வங்கியில் வந்ததோ 90,000. பையன்கள் கொதிக்கிறார்கள். "பத்தாயிரத்தை அமுக்கிவிட்டான்!" இல்லை. அது டிடிஎஸ். மூலத்திலேயே பிடிக்கும் வரி. தொழில்முறைக் கட்டணம் என்று கணக்கு வைத்தால் 10 சதவீதம் பிடிப்பார்கள். ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இது வரும். சில நிறுவனங்கள் ஒப்பந்தப் பணி என்று கணக்கு வைத்து, தனிநபருக்கு 1 சதவீதம், கூட்டு நிறுவனத்துக்கு 2 சதவீதம் பிடிக்கும். எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம் போய்விடும். சொந்த வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர் வழக்கமான தொகைக்கு இதைப் பிடிக்க வேண்டியதில்லை.

அந்தப் பத்தாயிரம் எங்கே போயிற்று? அரசாங்கத்திடம், உங்கள் பான் எண்ணின் பெயரில் இருக்கிறது. வருமான வரித் தளத்தில் உள்ளே போய்ப் பார்த்தால் தெரியும். ரிட்டர்ன் தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரி போக மீதி திரும்பி வரும்.

இப்போது கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். "உங்கள் பான் எண்" என்றேனே, யாருடைய பான் எண்? பெரும்பாலான குழுக்களில் அது குழுவை நடத்துகிற ஒருவருடையது. வருஷத்தில் இப்படிப் பத்து கச்சேரி என்று வையுங்கள். அரசாங்கத்தின் கண்ணுக்கு அந்த ஒரு பையன் பத்து லட்சம் வாங்கியவன். அவன் கைக்கு உண்மையில் மிஞ்சியது ஒன்றரை லட்சமாக இருக்கலாம். மற்றதெல்லாம் சவுண்டுக்கும் வேனுக்கும் நண்பர்களுக்கும் போயிற்று. அதை யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டால் காட்ட என்ன இருக்கிறது? ஜிபேயில் பாதி, கையில் பாதி, ரசீது கிடையாது. அடுத்த வருஷம் ரீஃபண்ட் என்று அவன் கணக்கில் ஒரு லட்சம் வரை வருகிறது. அது யாருடைய பணம்? ஆறு பேருடைய பணம் அல்லவா? அவனுக்கே அது தெரியாமல் செலவழித்துவிடுகிறான். ஒருநாள் மற்ற ஐந்து பேருக்கும் தெரிய வருகிறது. நான் முதலில் சொன்னேனே, திருட்டும் இல்லை, துரோகமும் இல்லை என்று. இப்படித்தான் குழு உடைகிறது!

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒருவர் பெயரிலேயே தொழில் நடக்கட்டும், அவர் மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கெல்லாம் வவுச்சர் போட்டுக் கையெழுத்து வாங்கி, வங்கி வழியாகவே கொடுக்கட்டும். அப்போது அது அவருடைய செலவு, மற்றவர்களுடைய வருமானம். இரண்டு, கூட்டு நிறுவனத்துக்கே தனிப் பான் எண்ணும் கரண்ட் அக்கவுண்டும் எடுங்கள். பணம் அங்கே வரட்டும், அங்கிருந்து பிரியட்டும்.

இரண்டாவது வழிக்கு ஒரு விலை உண்டு. கூட்டு நிறுவனத்துக்குத் தனிநபரைப் போல வரி விலக்கு வரம்பு கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ். கேட்டவுடன் அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் உழைக்கும் கூட்டாளிகளுக்குச் சம்பளம் தரச் சட்டம் இடம் தருகிறது. செலவெல்லாம் போக 5 லட்சம் மிச்சம் என்றால், அதில் 90 சதவீதம், அதாவது நாலரை லட்சம் வரை, கூட்டாளிகளின் சம்பளமாக எழுதலாம். மீதி 50,000-க்குத்தான் நிறுவனம் வரி கட்டும். 15,000, செஸ் சேர்த்து 15,600 ரூபாய். நாலரை லட்சத்தை ஆறு பேர் பிரித்தால் தலைக்கு 75,000. வேறு வருமானம் இல்லாத பிள்ளைக்கு அதில் வரியே வராது. ஆனால் ஒரு நிபந்தனை. சம்பளம் உண்டு, இன்ன கணக்கில் உண்டு என்று கூட்டாண்மைப் பத்திரத்தில் இருக்க வேண்டும். பத்திரத்தில் இல்லையா? சலுகையும் இல்லை. மறுபடியும் அதே சொல்தான்: எழுதி வையுங்கள்.

தனிநபர் கணக்கு எப்படி? புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. அதன் மேல் படிப்படியாக ஏறும். ஆனாலும் வரிக்கு உட்பட்ட வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் கட்ட வேண்டியது ஒன்றும் இருக்காது. "அப்படியென்றால் ரிட்டர்ன் எதற்கு?" என்று கேட்பீர்கள். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் செய்வது கடமை. தாண்டாவிட்டாலும் பிடித்த டிடிஎஸ் திரும்ப வேண்டுமானால் ரிட்டர்ன் வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று இருக்கிறது. கீபோர்டு வாங்க வங்கிக் கடன் கேட்கப் போகிறீர்கள். சிங்கப்பூரில் ஒரு கச்சேரிக்கு விசா கேட்கப் போகிறீர்கள். அங்கே உங்கள் கைத்தட்டலை யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு மூன்று வருஷ ரிட்டர்னைக் கேட்பார்கள். இசை என் தொழில், இது என் வருமானம் என்று நீங்கள் நாட்டுக்குச் சொல்லும் சாட்சிப் பத்திரம் அது.

செலவுக் கணக்கில் மூன்றே மூன்று விஷயங்களை மனத்தில் வையுங்கள். முதலாவது, ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வரிக் கணக்கில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். மதுரை வரவேற்பில் சவுண்ட் சர்வீஸுக்கு 15,000 கொடுத்தோமே, அதை வங்கி வழியாகக் கொடுங்கள். இரண்டாவது, ஒரு நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதம்! மூன்றாவது, வாத்தியம். ஒரு லட்சத்துக்குக் கீபோர்டு வாங்கினால் முழு லட்சத்தையும் அந்த வருஷச் செலவாக எழுத முடியாது. தேய்மானம் என்று முதல் வருஷம் 15 சதவீதம், 15,000. அடுத்த வருஷம் மீதி 85,000-இல் 15 சதவீதம், 12,750. வாங்கிய வருஷம் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் முதல் வருஷம் பாதிதான். இதற்கெல்லாம் ஆதாரம் பில். பில் இல்லாமல் வாங்கிய வாத்தியம் வரிக் கணக்கில் இல்லாத வாத்தியம்.

கணக்குப் புத்தகமே வேண்டாம், உத்தேச வருமானத்தில் வரி கட்டலாம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள். அப்படி ஒரு முறை இருப்பது உண்மை. சினிமாத் தயாரிப்பில் பணிபுரியும் பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் போன்றவர்கள், வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதியை வருமானமாகக் காட்டலாம். மேடையில் மட்டும் வாசிக்கிறவர் அந்தப் பட்டியலில் வருவாரா, அல்லது 8 சதவீதம், 6 சதவீதம் என்று கணக்கிடும் வியாபாரப் பட்டியலில் வருவாரா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஏழாவது பங்கில் ஆடிட்டருக்கும் ஒதுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்தது ஜிஎஸ்டி. 2017 ஜூலை 1 முதல் நாட்டில் இருக்கிறது. நம் குழுக்கள் கேட்கிற முதல் கேள்வி: "எங்களுக்கு வருமா?" ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வரும். கவனியுங்கள், லாபம் இல்லை, வரவு! கச்சேரிக்கு 65,000 என்றால் 31-ஆவது கச்சேரியில் 20 லட்சத்தைத் தாண்டிவிடுவீர்கள். ஆடியில் மாரியம்மன், ஆவணியில் முகூர்த்தம், தையில் பொங்கல், மாசி பங்குனியில் திருவிழா. நன்றாக ஓடும் குழுவுக்கு 31 கச்சேரி பெரிய எண்ணிக்கை இல்லை. தாண்டிய 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது.

பதிவு செய்த பிறகு மெல்லிசைக் கச்சேரிக்கு வரி 18 சதவீதம். 65,000-க்கு 11,700 சேர்த்து 76,700-க்கு பில் போட வேண்டும். "எல்லாம் சேர்த்து 65,000" என்று வாய்விட்டுவிட்டீர்களானால், அதற்குள்ளேயே சுமார் 9,900 ரூபாய் வரியாகப் போய்விடும். அது ஏறக்குறைய இரண்டு பேருடைய பங்கு! கொட்டேஷனில் "ஜிஎஸ்டி தனி" என்று எழுதி வையுங்கள். சவுண்ட் சர்வீஸ்காரர் ஜிஎஸ்டி பில் தந்தால், அதில் நீங்கள் கட்டிய வரியை உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம்.

நாதஸ்வரம், பறை, வில்லுப்பாட்டு, கர்னாடக சங்கீதம் என்று செவ்வியல் இசையோ நாட்டுப்புறக் கலையோ நிகழ்த்தும் கலைஞருக்கு ஒரு நல்ல விலக்கு உண்டு. ஒரு நிகழ்ச்சிக்குச் சன்மானம் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி இல்லை. இது தெரியாமல் வரி கட்டுகிற கலைஞர்களும் இருக்கிறார்கள், இது தங்களுக்கும் பொருந்தும் என்று நினைத்து மாட்டிக்கொள்கிற மெல்லிசைக் குழுக்களும் இருக்கின்றன. இரண்டும் வேண்டாம். நீங்களே டிக்கெட் போட்டுக் கச்சேரி நடத்தினால், நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பதிவையும் சொல்லிவிடுகிறேன். உத்யம் என்னும் சிறுதொழில் பதிவு. இணையத்தில் செய்யலாம், கட்டணம் இல்லை. பதிவான சிறு நிறுவனத்துக்கு, வாங்குகிற நிறுவனம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விழா முடிந்து நாலு மாதம் இழுத்தடிக்கும் கம்பெனிக்கு அனுப்பும் பில்லில் உத்யம் எண்ணை எழுதுங்கள். கேட்கிற குரலுக்கு ஒரு பலம் வரும்.

கடைசியாகப் பாட்டுக்கே வருகிறேன். நீங்கள் மேடையில் பாடும் பாட்டு யாருடையது? 2017-இல் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்கள் உலகமெங்கும் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, அனுமதியின்றித் தம் பாடல்களை மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா அவர்களின் தரப்பிலிருந்து வழக்கறிஞர் நோட்டீஸ் போயிற்று. தமிழ்நாடே அதைப் பற்றிப் பேசியது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எத்தனையோ ஆண்டு நட்புக்கு நடுவிலும் உரிமை என்ற ஒன்று நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், சமயச் சடங்குகளுக்கும் கல்யாணத்தோடு ஒட்டிய ஊர்வலம், கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருகிறது. ஆகவே கல்யாண வரவேற்பில் பாடப் பயப்பட வேண்டாம். ஆனால் ஹோட்டல் புத்தாண்டு விழா, மால், டிக்கெட் கச்சேரி ஆகியவற்றுக்கு உரிமம் வேண்டும். பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் ஐபிஆர்எஸ் என்னும் சங்கம் அதை வழங்குகிறது. விழா நடத்துகிறவர்தான் அதை வாங்க வேண்டும் என்று அந்த ஒரு பக்க ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

உங்கள் சொந்தப் பாட்டுக்கும் அதே உரிமை உண்டு! பாட்டு வரியை யார் எழுதினார், மெட்டை யார் போட்டார், எத்தனை சதவீதம் யாருக்கு என்று பாட்டு முடிந்த அன்றே தேதியோடு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதியவரின் ஆயுள் முழுக்க, அவருக்குப் பின்னும் 60 ஆண்டு நிற்கும் சொத்து அது. 2012-இல் வந்த திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் அந்த வருமானத்தில் பங்கை உறுதி செய்திருக்கிறது. உங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம் அது. எங்கே யார் பாடினார்கள் என்ற கணக்கு உங்களிடம் இருந்தால்தான் அது வந்து சேரும்.

அன்பர்களே, ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் ஊர்ச் சொல். கலைஞன் அளக்கக் கூடாது, கணக்குப் பார்ப்பது கலைக்கு இழுக்கு என்று யாரோ நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் தங்கள் கணக்கைச் சரியாக வைத்திருந்தவர்கள்! கணக்கு வைக்காத குழுவில் யார் நஷ்டப்படுகிறார்கள் தெரியுமா? முன்னால் நின்று பாடுகிறவருக்குப் பேர் கிடைத்துவிடும். பின்னால் உட்கார்ந்து வாசிக்கிற பேட் கலைஞருக்குத்தான் பங்கு குறையும். இரவெல்லாம் விழித்து ஒலி சரிபார்த்த பையனுக்குத்தான் "அடுத்த கச்சேரியில் பார்த்துக்கலாம்" என்ற பதில் வரும். குரல் உயர்த்திக் கேட்கத் தெரியாதவர்களுக்கு அந்த நோட்டுப் புத்தகம்தான் குரல்.

ஆகவே இந்த வாரமே செய்யுங்கள். ஆறு பேரும் உட்கார்ந்து பங்கை முடிவு செய்யுங்கள். குழுவுக்கென்று ஒரு வங்கிக் கணக்கு திறங்கள். ஒரு பக்க ஒப்பந்தத்தைத் தயார் செய்யுங்கள். ஒரு நல்ல ஆடிட்டரைப் பாருங்கள். ஒவ்வொரு கச்சேரிக்கும் வரவு, செலவு, யாருக்கு எவ்வளவு என்று ஒரு பக்கம் எழுதி, ஆறு பேரும் பார்க்கிற மாதிரி வையுங்கள். இத்தனையும் செய்த குழு பிரிய நேர்ந்தாலும் கை குலுக்கிக்கொண்டு பிரியும், நாளைக்கு இன்னொரு மேடையில் மறுபடியும் சேரும். உங்கள் இசைக்கு நியாயமான விலை கேளுங்கள். வந்த பணத்தை நியாயமாகப் பிரியுங்கள். நாட்டுக்கு உரியதை நேர்மையாகக் கட்டுங்கள். அத்தனையையும் எழுதி வையுங்கள்!